பெரியவர்களுக்கு நேரும் குடற் செருகல்: அறியும் முறையும் சிகிச்சையும்

கிராம புனருத்தாரணம் என்பது கிணறு வெட்டுவதும், நல்ல விதை வழங்குவதும், கடனுக்கு வட்டி குறைப்பதும் மட்டுமன்று. ஒரு குடும்பத்தில் உழைத்துச் சம்பாதிப்பவர் பாயிற் படுத்துவிட்டால், அந்த வருஷத்துச் சாகுபடி கெடுகிறது. சங்கத்துத் தவணை தவறுகிறது. வீட்டிலுள்ள நகையும் அடகுக் கடைக்குப் போய்விடுகிறது. ஆகையால் அங்கத்தினர்களுடைய சரீர சுகமும் கூட்டுறவைச் சேர்ந்த விஷயமே யாகும். இந்தியாவில் முதன்முதலாக ஏற்பட்ட ஐக்கிய நாணய சங்கம் என்று போற்றப்படுவது, 1904-ம் வருஷம் நமது திருவள்ளூருக்கு அருகிலுள்ள திரூரில் தோன்றியதாகும். ஆபத்து வந்தபின் லேவாதேவிக்காரரைத் தேடி ஓடாமல், வருமுன் கூடி யோசித்துக் காத்துக்கொள்வதே அத்தகைய சங்கங்களின் கருத்து. வியாதி விஷயத்திலும் அக்கருத்தையே கையாள வேண்டும்.

இதை எழுதுகிறவன் வைத்தியன் அல்லன்; கூட்டுறவு இலாகாவின் இன்ஸ்பெக்டர். நோயாளியைப் பார்த்து முடிவு சொல்ல வேண்டியவர் டாக்டரே. ஆயினும் எப்பொழுது டாக்டரிடம் போகவேண்டும், அவர் செய்யும் பரிசோதனைகள் எதற்காக, அவர் ஆபரேஷன் வேண்டுமென்றால் ஏன் தயங்கலாகாது என்பவற்றை ஒவ்வோர் அங்கத்தினரும் தெரிந்திருப்பது நலம். வைத்திய சாஸ்திரத்தில் ஒப்புக்கொள்ளப்பட்ட விஷயங்களையே இங்கு எளிய முறையிற் சொல்லியிருக்கிறது.

குடற் செருகல் என்பது யாது?

நமது சிறுகுடல் ஏறக்குறைய 20 அடி நீளமும், பெருங்குடல் ஏறக்குறைய 5 அடி நீளமும் உள்ளவை. இவ்வளவு நீளமான குழல் வயிற்றுக்குள் சுருண்டு கிடந்தபோதிலும் சும்மா கிடப்பதில்லை. மண்புழு நகர்வதைப்போலச் சுருங்கியும் விரிந்தும், உள்ளிருக்கும் உணவைக் கீழ்நோக்கித் தள்ளிக்கொண்டேயிருக்கிறது. குடலின் உட்சுவரில் ஒரு கட்டியோ சதை வளர்ச்சியோ இருந்தால், அதையும் குடல் உணவைத் தள்ளுவதுபோலவே தள்ளுகிறது. கட்டியோ சுவரோடு ஒட்டியிருப்பதனால் தனியே நகர இயலாது. ஆகவே அது தான் ஒட்டியுள்ள சுவரையும் இழுத்துக்கொண்டு, அடுத்துள்ள குடற் பாகத்தினுள் நுழைகிறது. நீளக் கைச் சட்டையை அவசரமாகக் கழற்றும்போது, கையின் ஒரு பாகம் மற்றொரு பாகத்தினுள் நுழைந்துகொள்வதை யாவரும் கண்டிருக்கலாம். குடற் செருகல் என்பது அத்தகையதே.

இச்செருகல் சிறுகுடலுக்குள் சிறுகுடலாக இருக்கலாம். பெருங்குடலுக்குள் பெருங்குடலாக இருக்கலாம். அல்லது இரண்டும் சேருமிடத்தில் சிறுகுடல் பெருங்குடலினுள் நுழைந்ததாக இருக்கலாம். எவ்விடமாயினும் அபாயம் ஒரே வகையில் வளர்கிறது. குடலுக்கு இரத்தம் கொண்டுவரும் நாளங்கள் அதை ஒட்டிய ஒரு ஜவ்வின் வழியாக வருகின்றன. குடல் உள்ளே நுழையும்போது அந்த ஜவ்வும் கூடவே இழுக்கப்பட்டு நசுங்குகிறது. இரத்தத்தைத் திரும்பக் கொண்டுபோகும் நாளங்கள் மெல்லிய சுவருடையவை. அவையே முதலில் அடைபடுகின்றன. உள்ளே வந்த இரத்தம் வெளியேற வழியின்றிக் குடல் வீங்குகிறது. வீக்கம் மிகுந்தபின் இரத்தம் கொண்டுவரும் நாளங்களும் அடைபடுகின்றன. இரத்தமற்ற குடல் அழுகுகிறது. அழுகிய இடத்தில் ஓட்டை விழுகிறது. குடலிலுள்ள அசுத்தம் வயிறு முழுவதும் பரவி உயிருக்கே ஆபத்தாகிறது.

இந்த வியாதி புதிதன்று. ஹாலந்து தேசத்து ஆம்ஸ்டர்டாம் நகரில் பால் பார்பெட் என்னும் வைத்தியர் 1674-ம் வருஷத்திலேயே இதனை விவரித்திருக்கிறார். லண்டனில் ஜோனதன் ஹட்சின்ஸன் என்பவர் 1871-ல் ஒரு குழந்தையின் வயிற்றைத் திறந்து, செருகலை விடுவித்துப் பிழைக்க வைத்தார். அதற்கு முன்பு இந்நோயால் வருந்தியவர்களுக்குப் பெரும்பாலும் மரணமே முடிவாயிருந்தது.

குழந்தைக்கும் பெரியவருக்கும் உள்ள பேதம்

குடற் செருகல் என்றால் அது குழந்தைகளின் வியாதி என்பது பொதுவான எண்ணம். அது பெரும்பாலும் சரியே. நூறு செருகல்களில் ஏறக்குறைய தொண்ணூற்றைந்து குழந்தைகளுக்கே நேருகின்றன. பெரியவர்களுக்கு நேருவன ஐந்தே. பெரியவர்களுக்குக் குடல் அடைப்பு உண்டாகும் நூறு சமயங்களிலும், செருகலால் உண்டாவன ஒன்று முதல் ஐந்து வரைதான். ஆனால் இந்த அருமையே அபாயத்துக்குக் காரணமாகிறது. அரிதாகையால் ஒருவரும் அதை நினைப்பதில்லை, நினையாததனால் கண்டுபிடிப்பதில்லை.

குழந்தைகளுக்கு, விசேஷமாக ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு, பெரும்பாலும் காரணம் எதுவும் அகப்படுவதில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் படக்கருவியின் உதவியால் பார்த்துக்கொண்டே, ஆசன வாய் வழியாகக் காற்றையோ உப்பு நீரையோ அளவாகச் செலுத்தி, அநேகங் குழந்தைகளுக்கு ஆபரேஷன் இன்றியே செருகலை விடுவிக்கிறார்கள்.

பெரியவர் விஷயம் வேறு. செருகல் கண்ட பத்துப் பெரியவர்களில் எட்டு அல்லது ஒன்பது பேருக்கு அதன் முனையில் ஏதேனும் ஒரு காரணம் இருக்கும். காற்றாலும் நீராலும் செருகலைத் தள்ளிவிட்டாலும் அந்த முனை உள்ளேயே இருக்கும், மறுபடியும் இழுக்கும். ஆகையால் பெரியவருக்குச் செருகல் என்பது வியாதியின் முடிவன்று; வேறொரு வியாதியின் அறிகுறி. இந்த ஒரு விஷயத்தை மனத்திற் பதித்துக்கொண்டால், பின்வருவன யாவும் எளிதில் விளங்கும்.

சிசுக்களைப் பற்றி மற்றொன்று சொல்லவேண்டும். வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து செருகலை உண்டாக்குமோ என்று சில தாய்மார்கள் அஞ்சுவதுண்டு. அமெரிக்காவில் வழங்கிய ஒரு பழைய மருந்து அக்காரணத்துக்காகவே 1999-ல் நிறுத்தப்பட்டது மெய்யே. ஆனால் இப்போதைய மருந்து வேறு. நமது தேசத்தில் வேலூர் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரி உட்படப் பல ஆஸ்பத்திரிகள் சேர்ந்து கண்காணித்து 2020-ல் வெளியிட்ட முடிவின்படி, இங்கு தயாரான மருந்தினால் செருகல் மிகுந்ததாகக் காணப்படவில்லை. ஆகையால் குழந்தைகளுக்கு அந்தச் சொட்டு மருந்தைத் தவறாமல் கொடுப்பிக்க வேண்டும்.

முனையாக நிற்பவை எவை?

பெரியவர்களுக்கு முனையாக நிற்கும் காரணங்கள் பல. அவற்றுள் முக்கியமானவை வருமாறு:

(1) கொழுப்புக் கட்டி. இது தீங்கற்றது, ஆனாலும் குடலின் உட்புறம் தொங்கிச் செருகலை இழுத்துவிடும்.

(2) குடலின் உட்சுவரில் காம்புடன் வளரும் சதை. சிலருக்கு இது பரம்பரையாக வருவதுண்டு. அத்தகையவர்களுக்குச் சிறு வயது முதல் உதட்டிலும் வாயின் உட்புறத்திலும் கரும் புள்ளிகள் காணப்படும். இதை 1921-ல் ஹாலந்து தேசத்துப் பியூட்ஸ் என்பவரும், 1949-ல் அமெரிக்காவில் ஜெகர்ஸ் என்பவரும் அவருடைய சகாக்களும் விவரித்தார்கள். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் பாதிக்குப் பாதி வரக்கூடும். உதட்டில் இவ்விதப் புள்ளிகள் உள்ள வாலிபருக்கு அடிக்கடி வயிற்றுவலி கண்டால் சிறிதும் அலட்சியம் செய்யலாகாது.

(3) புற்று. பெருங்குடற் செருகல்களிற் பாதிக்கு மேற்பட்டவற்றுக்கு இதுவே காரணம். சிறுகுடற் செருகல்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்குப் புற்று காரணமாகிறது. மற்றவை பெரும்பாலும் தீங்கற்ற கட்டிகளே.

(4) குடலில் உண்டாகும் க்ஷய ரோகம். க்ஷயம் என்றால் இருமலும் சளியுமே என்று எண்ணலாகாது. குடலையும் அது பற்றும். நமது தேசத்தில் அது அரிதன்று. அதற்கு மருந்து சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் இலவசமாகக் கிடைக்கிறது.

(5) முன்பு செய்த ஆபரேஷனால் குடல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருத்தல், பிறவியிலேயே குடலில் இருக்கும் சிறு பை, திரளாகச் சேர்ந்த நாக்குப் பூச்சிகள் முதலியன.

வயிற்றுப் புண்ணுக்கு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள்

தமிழ்நாட்டிற் சிறப்பாகக் கவனிக்க வேண்டிய ஒரு வகை உண்டு. சென்ற நூற்றாண்டில் தென்னிந்தியாவில் குடற்புண் மிகவும் அதிகமாயிருந்தது. இப்போது கன்னியாகுமரி ஜில்லாவைச் சேர்ந்த நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில், எவரெஸ்ட் சிகரத்தை ஏற 1922-லும் 1924-லும் முயன்ற கோஷ்டிகளிற் சேர்ந்திருந்த டாக்டர் ஸாமர்வெல் என்பவர், இப்புண்ணுக்காக ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஆபரேஷன் செய்தார். இரைப்பையில் ஒரு வாயில் வெட்டி, அதைச் சிறுகுடலோடு நேரே இணைப்பது அக்காலத்து முறை. பிற்காலத்தில் சென்னை முதலிய இடங்களிலும் அநேகருக்கு அவ்வாறு செய்யப்பட்டது. 1982-ல் ஆஸ்திரேலியாவில் மார்ஷல், வாரன் என்னும் இருவர் புண்ணுக்குக் காரணமான கிருமியைக் கண்டுபிடித்தபின் மாத்திரைகளாலேயே அது குணமாகிறது, ஆபரேஷன் அரிதாகிவிட்டது. ஆயினும் பழைய ஆபரேஷனின் தழும்போடு வாழும் வயோதிகர்கள் நம் கிராமங்களில் இன்னும் இருக்கிறார்கள்.

அவ்விதம் இணைக்கப்பட்ட வாயிலின் வழியாக, அநேக வருஷங்கள் கழிந்த பின்பும், சிறுகுடல் மேல்நோக்கி இரைப்பைக்குள்ளேயே செருகிக்கொள்வது மிக அருமையாக நேருவதுண்டு. மேல்வயிற்றில் கடுமையான வலி, அடிக்கடி வாந்தி, வாந்தியில் இரத்தம், இடப்பக்கத்து மேல்வயிற்றில் ஒரு கட்டி ஆகியவை அதன் அடையாளங்கள். இரண்டு நாட்களுக்கு மேல் தாமதித்தால் உயிருக்கு அபாயம் மிகவும் அதிகமாகிறது. ஆகையால் வயிற்றில் பழைய தழும்பு உள்ளவர்கள், எப்பொழுது எந்த ஆஸ்பத்திரியில் எதற்காக ஆபரேஷன் நடந்ததென்பதை வீட்டாருக்குச் சொல்லி வைக்கவேண்டும். டாக்டரிடம் முதல் வார்த்தையாக அதைச் சொல்லவேண்டும். உடற் பருமனைக் குறைக்க இக்காலத்தில் இரைப்பை ஆபரேஷன் செய்துகொண்டவர்களும் இதைக் கவனிக்கத்தக்கவர்களே.

ஏமாற்றும் வலி

குழந்தைகளின் செருகலுக்கு விட்டுவிட்டு வரும் வலி, இரத்தமும் சளியும் கலந்த மலம், கையில் தட்டுப்படும் கட்டி என்ற மூன்று அடையாளங்களைச் சொல்வார்கள். பெரியவர்களுக்கு இம்மூன்றும் ஒருங்கே காண்பது மிக அபூர்வம். பெரும்பாலும் காண்பது வந்து வந்து போகும் வயிற்றுவலி ஒன்றே. சில சமயம் குமட்டலும் வாந்தியும், சில நாள் மலச்சிக்கலும், சில நாள் பேதியும் கூட இருக்கலாம். சிலருக்கு இரண்டொரு நாளில் முற்றிவிடும். பலருக்கு வாரக் கணக்கிலும் மாதக் கணக்கிலும் இழுக்கும்.

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். திருமழிசைப் பக்கத்தில் காய்கறி பயிரிடும் ஓர் அங்கத்தினருக்கு வயது நாற்பத்தைந்து. மத்தியான ஆகாரத்துக்குப் பின் வயிற்றை முறுக்கிப் பிடிக்கிறது. அரை மணி நேரம் துடிக்கிறார். பிறகு தானே விட்டுவிடுகிறது. வாயு என்று பெருங்காயம் கரைத்துக் குடிக்கிறார். பத்து நாள் கழித்து மறுபடியும் வருகிறது. சூடு என்று விளக்கெண்ணெய் தடவுகிறார்கள். அதுவும் விடுகிறது. மூன்றாம் முறை வாந்தியும் சேர்கிறது. மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்குகிறார். ஒவ்வொரு முறையும் எதைச் செய்தாரோ அதுவே குணப்படுத்தியதாக நம்புகிறார். உண்மையில், உள்ளே நுழைந்த குடல் தானே வெளிவந்ததனால் வலி நின்றது. இழுத்த முனையோ இருந்தபடியே இருக்கிறது.

சங்கக் கணக்குகளைத் தணிக்கை செய்பவர்கள் இதைப் போன்ற ஒன்றை அடிக்கடி காண்பதுண்டு. பழைய கடனைத் தீர்க்காமல், புதுப் பத்திரம் எழுதி அதைக் கொண்டு பழைய பத்திரத்தை வரவு வைப்பார்கள். புஸ்தகத்தில் பாக்கி இராது. கடனோ ஒரு காசும் குறைந்திராது. வட்டி மட்டும் ஏறிக்கொண்டிருக்கும். தானே விட்டுப்போகும் வயிற்றுவலி அத்தகைய வரவே.

ஆகையால் ஒரே விதமான வயிற்றுவலி ஒரு மாதத்தில் இரண்டு மூன்று முறை வந்து போனால், வலி இல்லாத நாளிலேயே ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். காரணமின்றி உடல் இளைத்தல், சோகை, மலத்தில் இரத்தம் அல்லது தார்போன்ற கருமை ஆகியவற்றுள் ஒன்று சேர்ந்திருந்தால் ஒரு வாரமும் காத்திருக்கலாகாது.

பின்வருவனவற்றில் ஏதேனும் ஒன்று காணின் அந்த மணி நேரமே புறப்பட வேண்டும்:

வாந்தி நில்லாமை; விசேஷமாகப் பச்சை நிற வாந்தி அல்லது இரத்த வாந்தி. மலமும் வாயுவும் அடைபட்டு வயிறு உப்புதல். விட்டுவிட்டு வந்த வலி விடாத வலியாக மாறுதல். வயிறு பலகைபோல் விறைத்துத் தொட ஒண்ணாதிருத்தல். காய்ச்சல், நாடி வேகம், குளிர்ந்த வியர்வை, மயக்கம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கடுமையாயிருந்த வலி திடீரென்று குறைந்து, ஆனால் நோயாளியின் முகம் வெளிறி நாடி தளர்ந்திருந்தால், அது குணமன்று. குடல் அழுகி உணர்ச்சியிழந்ததாகவும் இருக்கலாம். மலம் சிறிது போயிற்று என்பதனாலும் திருப்தியடையக் கூடாது. அடைப்பு முழுமையாகாத வரையில் மலமும் வாயுவும் போய்க்கொண்டிருக்கக்கூடும்.

செய்யத் தகாதவை

நமது பக்கத்தில் வயிற்றுவலி வந்தால் ‘குடல் ஏறிக்கொண்டது’ என்று சொல்லி எண்ணெய் தடவி வயிற்றை நீவுவதும், குடல் தட்டுவதும் வழக்கம். அதைச் செய்யும் கிழவிகள் அன்பினாலேயே செய்கிறார்கள்; தசைப் பிடிப்பாயின் நீவுவதனால் இதமும் உண்டாகலாம். ஆனால் வீங்கி அழுகத் தொடங்கிய குடலை அமுக்கினால் அது கிழிந்துவிடும். வெளியே இருந்து கையினால் தடவிப் பார்த்து, இது தசைப் பிடிப்பா செருகலா என்று அறிய எவராலும் இயலாது. ஆகையால் வாந்தியோடு கூடிய வயிற்றுவலிக்கு நீவுதல் கூடவே கூடாது.

பேதி மருந்து அதனினும் தீது. விளக்கெண்ணெயோ, நிலாவரையோ, கடைப் பேதி மாத்திரையோ குடலை வேகமாகச் சுருங்கச் செய்பவை. வழி அடைபட்டிருக்கையில் குடலை விரட்டினால் செருகல் இன்னும் ஆழமாகும். வீட்டில் எனிமா கொடுப்பதும் அவ்வாறே. குழந்தைகளுக்கு ஆஸ்பத்திரியில் செய்வதைக் கேள்விப்பட்டு, வீட்டிற் செய்ய முயலக் கூடாது.

புறப்படுமுன் கஞ்சியோ காப்பியோ கொடுத்து அனுப்புவதும் தவறு. நிறைந்த வயிற்றோடு மயக்க மருந்து கொடுத்தால், வாந்தி மூச்சுக் குழலிற் புகும் அபாயம் உண்டு. நாக்கு உலர்ந்தால் உதட்டை நனைக்கலாம், குடிக்கக் கொடுக்கலாகாது.

வலியடக்கும் ஊசி ஒன்றைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விடுவதும் வழக்கமாகியிருக்கிறது. ஊசி வலியை மறைக்கும். வலியின் காரணத்தை மாற்றாது.

ஆஸ்பத்திரியில் நடக்கும் பரிசோதனை

டாக்டர் முதலில் வலியின் விவரத்தைக் கேட்டு, வயிற்றையும் ஆசன வாயையும் பரிசோதிப்பார். வெட்கப்பட்டு இதை மறுக்கக் கூடாது. விரலிற் படும் சிறிது இரத்தமே சில சமயம் வியாதியைக் காட்டிக்கொடுக்கும். பிறகு இரத்தப் பரிசோதனையும், குடல் அடைப்பு இருக்கிறதா என்று காட்டும் எக்ஸ்-ரே படமும் எடுப்பார்கள்.

அதன்பின் ஒலி அலைகளால் வயிற்றைப் பார்க்கும் ஸ்கான் செய்வதுண்டு. அதிற் செருகல், வெங்காயத்தைக் குறுக்கே அறுத்தாற்போல் வளையத்துக்குள் வளையமாகத் தெரியும். வயிற்றில் வாயு மிகுந்திருந்தால் அது தெளிவாகத் தெரியாமற் போகலாம். பெரியவர்களுக்கு மிகவும் நம்பத்தக்கது ஸி.டி. ஸ்கானே. செருகல் எவ்விடத்தில் இருக்கிறது, எவ்வளவு நீளம், முனையில் கட்டி உண்டா, இரத்த ஓட்டம் குன்றியிருக்கிறதா என்பவற்றை அது காட்டக்கூடும். இங்கிலாந்தில் ஹவுன்ஸ்பீல்டு என்பவர் அமைத்த இக்கருவி, 1971-ல் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு உபயோகமாயிற்று. அதற்காக 1979-ல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. இக்கருவி பரவுமுன் பெரியவர்களின் செருகல் பெரும்பாலும் வயிற்றைத் திறந்த பின்னரே தெரியவந்தது.

பெருங்குடலிற் சந்தேகம் இருந்து, அவசரமும் இல்லாவிடில், வளையும் குழலை ஆசன வாய் வழியாகச் செலுத்தி நேரிற் பார்த்து, சிறிது சதையை எடுத்துச் சோதிப்பதும் உண்டு.

ஸ்கான் காகிதத்தில் செருகல் என்று எழுதியிருந்தாலே ஆபரேஷன் நிச்சயம் என்று நடுங்க வேண்டியதில்லை. வேறு எதற்கோ எடுத்த படத்தில், சிறுகுடலில் இரண்டொரு அங்குல நீளமே உள்ள செருகல் தற்செயலாகத் தெரிவதுண்டு. முனையில் கட்டி இல்லாமலும், அடைப்பு இல்லாமலும், நோயாளிக்கு உபத்திரவம் இல்லாமலும் இருந்தால், அது தானே விட்டுப்போவதே வழக்கம். அதைக் கவனித்து வந்தாற் போதும். எது எத்தகையது என்று பிரித்தறிவது டாக்டரின் வேலை.

சிகிச்சை

அடைப்போடு வந்த நோயாளிக்கு முதலில் மூக்கு வழியாக ஒரு மெல்லிய குழலை இரைப்பைக்குள் விட்டு, தேங்கிய நீரை வெளியேற்றுவார்கள். இரத்த நாளத்தின் வழியாக ஸலைன் ஏற்றுவார்கள். வாந்தியினால் உடல் இழந்த நீரையும் உப்பையும் திரும்பக் கொடுப்பதே இதன் நோக்கம். இதனால் நோயாளிக்குச் சுகம் போலத் தோன்றும். ‘தேறிவிட்டார், வீட்டுக்கு அழைத்துப் போகிறோம்’ என்று பந்துக்கள் கேட்பது இச்சமயத்திலேதான். அது பெரும் பிழை. இதுவரை நடந்தது ஆபரேஷனுக்குத் தேகத்தைத் தயார் செய்ததே யன்றிச் சிகிச்சை யன்று.

காரணத்தோடு கூடிய செருகலுக்குப் பெரியவர்களிடத்திற் பெரும்பாலும் ஆபரேஷனே வழி. பெருங்குடற் செருகலாயின், அதை இழுத்து விடுவிக்க முயலாமல், அந்தப் பாகத்தை அப்படியே முழுதாக வெட்டியெடுத்து, மீதியுள்ள முனைகளைச் சேர்த்துத் தைப்பார்கள். விடுவிக்க முயன்றால் நைந்த குடல் கிழியலாம். முனையில் இருப்பது புற்றாயின் அதன் அணுக்கள் பரவலாம். சிறுகுடலில், குடல் அழுகாமலும் காரணம் தீங்கற்றதென்று தோன்றியும் இருந்தால், மெதுவாக விடுவித்தபின், கெட்ட பாகத்தை மட்டும் சிறிதாக வெட்டியெடுப்பதுண்டு. சிலருக்குச் சிறு துவாரங்களின் வழியாகவே இதைச் செய்கிறார்கள். குடல் மிகவும் கெட்டிருந்தால், சில மாதங்களுக்கு வயிற்றின்மேல் ஒரு வாயில் வைத்து, பிறகு மூடுவதும் உண்டு.

‘குடலை வெட்டினால் பிறகு உழைக்க முடியுமா’ என்று கேட்பவர் பலர். 20 அடிச் சிறுகுடலில் ஒன்றிரண்டு அடியை எடுப்பதனால் உணவு செரிப்பதற்குக் குறைவு பெரும்பாலும் உண்டாவதில்லை. காயம் நன்றாக ஆறும் வரையில் பாரம் தூக்காமல் இருந்து, பிறகு டாக்டரின் அனுமதியோடு பழைய வேலையைச் செய்யலாம்.

மிக முக்கியமானது ஒன்று உண்டு. வெட்டியெடுத்த பாகத்தைப் பரிசோதனைச் சாலைக்கு அனுப்புவார்கள். அதன் முடிவு வருவதற்குச் சில நாட்கள் ஆகும். அதற்குள் நோயாளி வீடு திரும்பிவிடக்கூடும். தையல் பிரித்தாயிற்று, வலியும் இல்லை என்று அந்த முடிவை வாங்காமலே இருந்துவிடக் கூடாது. காரணம் கொழுப்புக் கட்டியா, க்ஷயமா, புற்றா என்பதை அந்தக் காகிதமே சொல்லும். க்ஷயமாயின் மாதக் கணக்கில் மருந்து உட்கொள்ள வேண்டும். புற்றாயின் மேற்கொண்டு சிகிச்சை வேண்டும். அதற்கு 1954-ல் ஏற்பட்ட அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி முதலியவை நமக்கு அருகிலேயே இருக்கின்றன. முடிவை வாங்காதவர், ஆபரேஷனிற் பிழைத்தும் வியாதியை உள்ளே வைத்துக்கொண்டவராவார்.

எங்கே போவது? சங்கம் செய்யக் கூடியது யாது?

அம்பத்தூர் 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. ஆவடி 2019 முதல் தனி மாநகராட்சியாயிற்று. இவற்றையும் பூந்தமல்லியையும் சுற்றியுள்ள கிராமத்தாருக்குத் தூரம் ஒரு தடையன்று. பூந்தமல்லி நெடுஞ்சாலையே நேரே கீழ்ப்பாக்கம் சர்க்கார் ஆஸ்பத்திரிக்கும், அதற்கப்பால் சென்ட்ரல் ஸ்டேஷன் எதிரிலுள்ள ராஜீவ் காந்தி சர்க்கார் பொது ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோய் விடுகிறது. மேற்கேயுள்ளவர்களுக்குத் திருவள்ளூரில் 2022-ல் திறக்கப்பட்ட சர்க்கார் வைத்தியக் கல்லூரியும் அதன் ஆஸ்பத்திரியும் இருக்கின்றன. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் இ.எஸ்.ஐ. பாத்தியதையுடன் வேலை செய்பவர்கள் அயனாவரம் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குப் போகலாம். அவசரமாயின் 108-க்குப் பேசினால் ஆம்புலன்ஸ் இலவசமாக வரும். தடையாயிருப்பது தூரமன்று, நாளைக்குப் பார்க்கலாம் என்னும் எண்ணமே.

மற்றொரு தடை பணத்தைப் பற்றிய பயம். சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் ஏழைகளுக்கு ஆபரேஷன் இலவசம். அன்றியும், 2012 ஜனவரியில் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ், வருமான வரம்புக்குட்பட்ட குடும்பங்களுக்கு, திட்டத்திற் சேர்ந்த சிகிச்சைகளுக்காக வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை உதவி கிடைக்கிறது. குடும்ப அட்டையும் வருமானச் சான்றும் கொண்டு, காப்பீட்டு அட்டையை முன்னதாகவே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். நோயாளியை ஆம்புலன்ஸில் ஏற்றிய பிறகு சான்றுக்காகக் கிராம நிர்வாக அலுவலரைத் தேடுவது, வெள்ளம் வந்தபின் ஏரிக்கரை போடுவதற்கு ஒப்பாகும்.

சங்கத்தின் காரியதரிசிகள் பின்வருவனவற்றைச் செய்யலாம். அட்டை வாங்காத அங்கத்தினர்களின் ஜாபிதாவைத் தயார் செய்து, ஒரே நாளில் எல்லோரையும் விண்ணப்பிக்கச் செய்யலாம். 108 என்னும் எண்ணையும், அருகிலுள்ள ஆஸ்பத்திரிகளின் பெயர்களையும் சங்கக் கட்டடத்தின் வெளிச்சுவரில் எழுதி வைக்கலாம். துணைவிதிகள் இடங்கொடுக்குமாயின், பொது நல நிதியிலிருந்து நோயாளியோடு செல்பவரின் செலவுக்குச் சிறிது உதவலாம். இரத்தம் கொடுக்க இசைந்த வாலிபர்களின் பெயர்களைக் குறித்து வைக்கலாம். இவற்றுக்கு ஆகும் செலவு அற்பம், பலன் பெரிது.

முடிவாகச் சொல்லவேண்டியது இதுவே. பெரியவர்களுக்குக் குடற் செருகல் அரிது. வயிற்றுவலி கண்டவர் எல்லோரும் அதை எண்ணிக் கலங்க வேண்டியதில்லை. ஆயினும் திரும்பத் திரும்ப வந்து தானே விட்டுப்போகும் வலியை, விட்டுப்போயிற்றே என்று தள்ளுபடி செய்துவிடலாகாது. நீவாமலும், பேதிக்குக் கொடாமலும், பட்டினியாக ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள். டாக்டர் ஆபரேஷன் வேண்டுமென்றால் அன்றைக்கே இசையுங்கள். பரிசோதனையின் முடிவைக் கையில் வாங்காமல் விடாதீர்கள். அடுத்த மாதாந்தக் கூட்டத்தில் இதை உரக்கப் படித்து, படிக்கத் தெரியாத அங்கத்தினர்களுக்கும் பெண்களுக்கும் விளங்கச் செய்யுமாறு பஞ்சாயத்தார்களைக் கேட்டுக்கொள்கிறேன்.